கடலைத் தோலுக்கு அடியில்

பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் குரூப் ஃபோர் தேர்வின் ஹால் டிக்கெட்.

“கடியாரம் மட்டும் இல்லன்னா நான் பாஸுங்க” என்றாள். “போன வாட்டியும் தெரிஞ்ச கேள்விதான். மணியவே பாத்துக்கிட்டு இருந்து முப்பது கேள்விய வுட்டுட்டு வந்தேன்.”

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நேத்து வூட்ல மாடல் பேப்பர் எழுதுனது?” என்றார் அவர்.

“அது நேரம் பாக்காம எழுதுனது. எல்லாம் வந்துச்சி.”

“நீ பாக்கல. நான் பாத்தேன். பக்கத்துல கடலை உரிச்சனே, மொறத்துல தோலுக்கு அடியில போன் இருந்துச்சி. மூணு மணி நேரத்துக்குப் பத்து நிமிசம் முன்னாடியே முடிச்சிட்ட.”

“பொய்யி!”

“உரிச்ச கடலை மேல சத்தியம் புள்ள.”

“அப்பவே சொல்றதுக்கு என்னங்க?”

“சொன்னா அடுத்த வாட்டி மொறத்தையே பாத்துக்கிட்டு இருப்ப.”

அவள் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“நீங்க பக்கத்துல கடலை உரிக்கிறீங்கன்னு நெனச்சிக்கிட்டே எழுதுறேங்க.”