அண்ணை சொல்லச் சொல்ல நான் அடித்தது

எனக்குத் தமிழ்த் தட்டச்சில் நல்ல வேகம். ஸ்காபரோவில் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சடிப்பவர்கள் அவசரமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் என் அண்ணை இரத்தினவேலும் என்னைக் கேட்டார்.

கனடாவுக்கு வருமுன் அவர் ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் பதினொரு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவியவர். அந்த ஊரில் நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிறாண்ட்னர் என்றொருவன் இருந்தானாம். பாட்டுக்கு இசையமைத்தான், கதையும் எழுதினான். இசைக்காரர் அவனை எழுத்தாளன் என்று ஒதுக்க, எழுத்தாளர் இசைக்காரன் என்று ஒதுக்கினார்கள். அவனுடைய கடிதங்களை அந்த ஊர்த் தேவாலயத்தில் பார்த்துப் பார்த்து, அண்ணை தமிழில் ஒன்பது கொப்பிகள் எழுதிக்கொண்டு வந்தார். அவன் சரித்திரத்தைப் புத்தகமாக்குவதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்குள் சீனி வருத்தம் கண்ணைக் கொண்டுபோய்விட்டது.

மோர்னிங்சைட்டில் அவர் தனியாக இருந்த அப்பார்ட்மென்டுக்குப் பின்னேரங்களில் போவேன். நான் கொப்பியை வாசிக்க, அவர் வசனம் சொல்ல, நான் அடிப்பேன். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒழுங்காகத்தான் அடித்தேன். ஒருநாள் ஒரு வசனத்தைக் கொஞ்சம் அழகாக மாற்றினேன். திருப்பி வாசித்தபோது பிடித்துவிட்டார்.

"உனக்கேன் உந்த வேலை? நீ ரைப் அடிக்கிற ஆள். நான் சொல்லுறதை மட்டும் அடி."

எனக்கு வலித்தது. இளவயதில் நானும் கதை எழுதியவன். அது அவருக்கு ஞாபகமே இல்லை. அன்றிரவு அதுவரை அடித்ததை அழித்தேன். அடுத்த நாளிலிருந்து கணினியை இயக்காமலே தட்டினேன். சத்தம் அவருக்குப் போதுமாயிருந்தது. திருப்பி வாசிக்கச் சொன்னால் கொப்பியைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். இரண்டு வருடம் அப்படியே போனது. முடிந்த கொப்பிகளைப் பத்திரமாக வைக்கச் சொல்வார். ஒவ்வொன்றாக மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். என் வீட்டில் இடமும் குறைவு.

பிறகு கண் வைத்தியரிடமிருந்து கடிதம் வந்தது. வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்தால் பார்வை திரும்பும் என்று எழுதி, திகதியும் போட்டிருந்தார்கள். அண்ணையின் கடிதங்களை வாசிப்பவனும் நான்தான்.

"என்னவாம்?"

"இனிச் செய்ய ஒண்டுமில்லையாம், அண்ணை."

பார்வை வந்தால் வெறும் திரையைத்தானே பார்ப்பார். அந்த வேதனையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பரவாயில்லை, நீ இருக்கிறாய்தானே. எதிலை விட்டனாங்கள்?" என்றார். எனக்கு அழுகை வந்தது. சத்தம் கேட்காமல் அழுதேன்.

அண்ணை மாரடைப்பில் போய் இன்றைக்குப் பத்தொன்பது நாள். ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் துர்க்கா அந்தச் சரித்திரத்தையே நினைவு மலராக அச்சடிக்கப் போகிறாள்.

"சித்தப்பா, அப்பான்ர பைலை அனுப்பிவிடுங்கோ. நீங்கள் இல்லாட்டி உது நடந்திருக்காது."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிறாண்ட்னர் பிறந்த வருடம்கூட எனக்கு நினைவில்லை, ஏதோவொன்றைப் போட்டிருக்கிறேன். வசனங்கள் அண்ணையுடையதைவிட நன்றாக வருகின்றன. இருந்திருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பார்.