ஞாயிற்றுக்கிழமை போடாத மாத்திரை

வடசேரியில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த தலை நரைத்த இருவரில் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“பிரஷர் மாத்திரைய நிறுத்தலாம்னுதான் சைக்கிள் சவிட்டத் தொடங்கினேன். இப்ப சைக்கிள் சவிட்டணும்னா மாத்திரைய நிறுத்த வேண்டியிருக்கு.”

“என்னடே சொல்லுத?”

“மாத்திரை போட்டா ஏத்தத்துல நெஞ்சு துடிப்பு ஏறாது, காலு ஓடாது. கூட வாறவன் எல்லாம் முன்னால போயிருவான். அதனால கூட்டமா சவிட்டப் போற ஞாயித்துக்கிழமை மட்டும் போடமாட்டேன்.”

“டாக்டர்ட்ட சொன்னியா?”

“சொன்னா சைக்கிளத் தொடாண்டாம்னு சொல்லுவாரு. பெறவு எனக்கு என்ன மக்கா இருக்கு? நேத்து பேச்சிப்பாறை ஏத்தம் முழுக்க நிக்காம ஏறிட்டேன். இறங்கும்போதுதான் இடது கை பிரேக்கப் பிடிக்கல்ல.”

பக்கத்தில் இருந்தவர் அந்த இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“இறுக்கிப் பிடி, பாப்போம்.”

“பிடிச்சிட்டுத்தாம்டே இருக்கேன்.”