கதவுக்கு வெளியே நின்று சொன்ன விடை

இந்த வாக்குமூலம் எழுதப்படும்போது பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: சார்ஜன்ட் நிஸ்தார் அவர்கள், பெண் கான்ஸ்டபிள் ஒருவர், என் கணவர் யோகராஜ், என் கணவரின் தம்பி மோகனராஜ், முறைப்பாடு கொடுத்த அவர் மனைவி தர்ஷிகா, நான். மாமியார் வரவில்லை. பொலிஸ் படி ஏறமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். முதலில் சார்ஜன்ட் அவர்களே என் வாய்மொழியைத் தமிழில் எழுத ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் சொற்கள் வந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டி, "தங்கச்சி, இத நீங்களே எழுதுங்க. நான் எழுதினா வேற கேஸா மாறிடும்" என்றார். ஆகையால் இது என் கையெழுத்து.

பெயர் யோகராஜ் கமலாட்சி. வயது 43. முகவரி கொங்காவெல, மாத்தளை. தொழில் வீட்டு வேலை. படிப்பு சாதாரண தரம் வரை. சமயம் இந்து. என் கணவர் பல்லேபொல, நாவுல பக்கத்து ஊர்களில் மிளகும் கராம்பும் வாங்கி டவுனில் விற்கிறவர். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் நான்தான் எழுதி வருகிறேன். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பழகிய நாளில் இருந்துதான் எனக்கு இந்தப் படிப்பில் ஆசை வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. போனை மிளகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்து, வீடியோ பார்த்து, விளங்காத இடத்தை விளங்கும் வரைக்கும் திருப்பிப் பார்த்துப் படித்தேன்.

தர்ஷிகா நாவுலவில் பிறந்தவள், உயர்தரம் படித்தவள். கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் எல்லாரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு நாள் நான் வீடியோ பார்ப்பதைக் கண்டு, "அக்கா, இது என்ன நாடகம், ஒருத்தருமே அழமாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். இது நாடகம் இல்லை, பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுத்தால் கெம்பஸ் போகாதவர்களும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அதன் பின்னர் இருவரும் சேர்ந்து படித்தோம். நான் தேங்காய் துருவிக்கொண்டே சொல்வேன், அவள் எழுதுவாள். மாத்தளையில் பிறந்து கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்யும் றுஸ்தி என்பவர், இப்படிப் படிக்கிறவர்களுக்காக ஒரு வட்ஸ்அப் குழு நடத்துகிறார். அதில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

முதல் சான்றிதழை நான் அவளுக்கு முந்தியே எடுத்தேன். அதைக் கடையில் அச்செடுத்து, சாமி அறையில் முத்துமாரி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டேன். மாமியார், "கமலா, அந்தக் கடுதாசியில எண்ணெ படுது, எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன். அன்றைக்கு எல்லாருக்கும் புட்டு அவித்தேன். அதன் பின்னர் தர்ஷிகாவும் அதே சான்றிதழை எடுத்தாள். மோகனராஜ் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹோலில் டிவிக்கு மேலே மாட்டினார். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள், சாப்பிட்டேன், ஐசிங் கூடுதலாக இருந்தது. குழுவில் றுஸ்தி அவளுக்குக் கைதட்டும் படம் வரிசையாகப் போட்டார். எனக்கு ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். அதன் பின்னர் மோகனராஜ் அவளுக்கு லெப்டொப் வாங்கிக் கொடுத்தார், வைபை பெட்டியைக் கழற்றி மேல்மாடியில் அவர்கள் அறைக்குப் பக்கத்தில் பொருத்தினார். கீழே அடுப்படியில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. கோயிலில் ஐயர் அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டு, "இவங்கதான் கம்ப்யூட்டர் படிக்கிற மருமகளா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அந்தத் தட்டை வீட்டில் இருந்து தூக்கி வந்தது நான்.

பொறாமை இருந்ததா இல்லையா என்று சார்ஜன்ட் அவர்கள் கேட்டார். இருந்தது என்று எழுதுகிறேன். அவள் நன்றாக இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் அம்மனிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வாயில் வந்தது, மனதில் வரவில்லை. சாமிக்குத் தெரிந்ததைப் பொலிசுக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதன் பின்னர் இந்த வருடம், கம்பனிகள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன என்று றுஸ்தி குழுவில் குரல் பதிவு போட்டார். "இருக்கிறவங்களையே வீட்டுக்கு அனுப்புறாங்க. சான்றிதழ் இருக்குன்னு சொல்லி யாரும் கொழும்புக்கு பஸ் ஏறாதீங்க. நான் சொல்லும்போது வாங்க" என்று அதில் சொன்னார். நாங்கள் இருவரும் விண்ணப்பம் அனுப்பிய இடங்களில் சிலது பதில் போடவில்லை, சிலது பிறகு பார்ப்போம் என்று போட்டது. அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இருவருக்கும் இல்லை என்றால் இருவரும் சரி.

அதன் பின்னர்தான் கண்டியில் உள்ள ஒரு சின்னக் கம்பனிக்கு, வீட்டில் இருந்தபடியே போனிலும் கம்ப்யூட்டரிலும் வாடிக்கையாளருக்கு உதவி செய்ய, தமிழும் சிங்களமும் பேசும் ஒரு ஆள் தேவை என்ற செய்தி வந்தது. ஒரே ஒரு ஆள். எங்கள் இருவருடனும் போனில் பேசினார்கள். இரண்டாவது சான்றிதழை இந்த மாத முடிவுக்குள் கொண்டுவருகிறவரை எடுப்போம், இருவரும் கொண்டுவந்தால் மறுபடி பேசிப் பார்ப்போம் என்றார்கள். தர்ஷிகா அவளுடைய பரீட்சையை ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்குப் பதிந்தாள். நான் என்னுடையதை அடுத்த வெள்ளிக்கிழமை காலைக்குப் பதிந்தேன். அவளுடைய லெப்டொப்பில்தான் நானும் எழுதுவதாக இருந்தது. "அக்கா, லெப்டொப் தரேன். வேலய எனக்குத் தந்துருங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இந்தப் பரீட்சை வீட்டில் இருந்தே எழுதுவது. வெளிநாட்டில் இருந்து ஒருவர் கெமரா வழியாகப் பார்த்துக்கொண்டும் மைக் வழியாகக் கேட்டுக்கொண்டும் இருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது, எழுதுகிறவரும் வாய்விட்டு வாசிக்கக்கூடாது. இதை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். தர்ஷிகாவுக்கு வாய்க்குள் முணுமுணுத்து வாசிக்கிற பழக்கம் உண்டு. அதை விடச் சொல்லிப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

சம்பவம் நடந்த வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் இருந்தவர்கள் மாமியார், மோகனராஜ், தர்ஷிகா, நான். என் கணவர் பல்லேபொலவில் இருந்தார். தர்ஷிகா மேலே அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். மோகனராஜ் யாரும் சத்தம் போடாமல் இருக்கப் படிக்கட்டின் கீழே கதிரை போட்டு இருந்தார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் சாம்பிராணிப் புகையை எல்லா அறைக்கும் கொண்டுபோய்க் காட்டுவது வழக்கம். ஒரு அறையை விட்டால் அந்தக் கிழமை முழுக்க மாமியாருக்குச் சரிவராது. நான் கீழ் அறைகளுக்குக் காட்டிவிட்டு நின்றேன். மாமியார், "மேல போ. உள்ள போகாத. கதவு வாசல்லயாச்சும் காட்டிட்டு வா" என்றார். மோகனராஜ், "அண்ணி, மணி அடிக்காதீங்க" என்று வழி விட்டார். நான் மணியைக் கொண்டுபோகவில்லை. காலில் மெட்டி சத்தம் கேட்கும் என்று பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து ஏறினேன்.

கதவுக்கு முன்னால் தூபக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உள்ளே தர்ஷிகா முணுமுணுப்பது கேட்டது. அந்த அறைக்கும் வெளிக்கும் இடையில் பலகைத் தடுப்புத்தான். அவள் வாசித்தது ஒரு கேள்வி: ஒரு அலுவலகத்தில் இணையத்தளங்களை எண் முகவரி கொடுத்தால் திறக்க முடிகிறது, பெயரைக் கொடுத்தால் திறக்க முடியவில்லை, கோளாறு எதில் என்பது. இது நான் தேங்காய் துருவும்போது அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். கடையில் முதலாளி ஒரு பெயரைச் சொன்னால் போன் நம்பரைத் தேடித் தருகிற ஆள் லீவு, நம்பர் தெரிந்தால் நேராக எடுக்கலாம், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தேன். அந்த ஆளுக்குக் கம்ப்யூட்டரில் உள்ள பெயர் டிஎன்எஸ். அன்றைக்கு அவள் சிரித்து, "அந்த ஆள் நம்ம மாமாதானே?" என்றுகூடக் கேட்டாள். மாமா என்று அவள் சொல்வது என் கணவரை.

உள்ளே அவள், "கேபிள்... கேபிள்தான்" என்றாள். கொஞ்சம் நின்று மறுபடியும் "கேபிள்" என்றாள்.

அப்போது நான், "டிஎன்எஸ்தான்டி" என்று சொன்னேன். கத்தவில்லை. அடுப்படியில் சொல்கிற சத்தத்தில்தான் சொன்னேன். சொல்லிய பிறகுதான் என் வாயில் இருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது.

உள்ளே கதிரை நகரும் சத்தம் கேட்டது. அதன் பின்னர் ஒரு வெள்ளைக்காரக் குரல் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. தர்ஷிகா "நோ, நோ, நோ வன்" என்றாள். அதன் பின்னர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கதவைத் திறந்தபோது லெப்டொப்பில் பரீட்சை மூடப்பட்டிருந்தது. மோகனராஜ் ஓடி வந்து என் கையில் இருந்த தூபக்காலைத் தட்டிவிட்டார். தணல் பாயில் விழுந்தது, என் காலிலும் பட்டது. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. பாயை நான்தான் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். மாமியார் கீழே இருந்து, "புகை காட்டியாச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் பரீட்சை நடத்துகிறவர்களிடம் இருந்து தர்ஷிகாவுக்கு மெயில் வந்தது. வேறு ஆளின் உதவி பெற்றதால் பரீட்சை ரத்து, ஒரு வருடத்துக்கு மறுபடி எழுத முடியாது, விளக்கம் இருந்தால் சாட்சியோடு வரும் புதன்கிழமைக்குள் அனுப்பலாம் என்று இருந்தது. அவள் அதை வாசித்துவிட்டு நேராகப் பொலிசுக்கு வந்து, நான் வேலைக்காக வேண்டுமென்றே செய்தேன் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறாள்.

இன்றைக்கு இந்த அறையிலும் அதையே சொன்னாள். "சேர், இவங்களுக்கு எம்மேல எரிச்சல். வேணும்னுதான் செஞ்சாங்க." நான், "வேணும்னு செஞ்சிருந்தா தப்பான விடையச் சொல்லியிருப்பேன்" என்றேன். சார்ஜன்ட் அதைச் சிங்களத்தில் கான்ஸ்டபிளுக்குச் சொல்ல, அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. தர்ஷிகா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப எதுக்குக்கா சொன்னீங்க?" என்று கேட்டாள். அக்கா என்று அவள் கூப்பிட்டது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

உதவிக்குச் சொன்னேனா, எனக்குத் தெரியும் என்று காட்டச் சொன்னேனா என்று சார்ஜன்ட் அவர்களும் கேட்டார். இதற்கு மட்டும் என்னிடம் நேரான பதில் இல்லை. டிவிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறவளுக்கு இது தெரியவில்லையே என்று இருந்தது. நான் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு நிற்கவில்லையே என்றும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று சத்தியம் பண்ணச் சொன்னால் முடியாது.

அவள் என்னிடம் விடை கேட்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நிற்பது அவளுக்குத் தெரியாது. அது என் குரல். இதைப் பரீட்சை நடத்துகிறவர்களுக்கு எழுத நான் சம்மதிக்கிறேன்.

ஒன்றைச் சேர்த்து எழுதுகிறேன். அவர்களுடைய விதிகளை முழுக்க வாசித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். உதவி செய்த ஆளும் அதே பரீட்சைக்குப் பதிந்தவராக இருந்தால் அவருக்கும் ஒரு வருடத் தடை என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இதை என் கணவருக்கும் இப்போதுதான் சொன்னேன். "அப்ப ஒனக்கும் போயிருமே" என்றார். போகும். தர்ஷிகா மறுபடி எழுதிப் பாஸ் பண்ணி, அந்த ஒரு இடமும் அவளுக்குக் கிடைத்து, மோகனராஜ் அதற்கும் ஒரு சட்டம் போட்டு மாட்டினால், எனக்கு எரியும். எரியாது என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம் ஆகிவிடும்.

இதில் உள்ளதை என் கையாலேயே எழுதி, சார்ஜன்ட் அவர்கள் முன்னால் ஒரு முறை வாய்விட்டு வாசித்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அம்மன் அறிய உண்மை.

சார்ஜன்ட் அவர்களிடம் என் வேண்டுகோள்: இந்த வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதி, நிலைய முத்திரை வைத்து, புதன்கிழமைக்கு முன் தர்ஷிகாவின் கையில் தர வேண்டும். நான் சொன்ன விடை சரியான விடை என்ற வரியை அதில் விட்டுவிட வேண்டாம். முடியுமா முடியாதா என்று விரைவில் பதில் சொல்லுங்கள்.

(ஒப்பம்) யோ. கமலாட்சி