துபாஷி விட்ட சொல்

புதுச்சேரி ரயில் நிலையத்தில், டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும்.

"இன்னிக்கு நானே இங்கிலீஷ்ல சாட்சி சொல்லப் போறேன்," என்றாள் அக்கா.

"விழுப்புரம் கோர்ட்டுலதான் துபாஷி இருக்காரேக்கா?"

"அந்தாளா? 'திருட்டு நடந்த அன்னிக்கு எம் புருஷன் வீட்டுலதான் இருந்தாரு, உறுதியா சொல்றேன்'னேன். அவன் ஜட்ஜுகிட்ட இங்கிலீஷ்ல, 'இருந்தாருன்னு நெனைக்கிறா'ன்னுட்டான். நீ இங்கிலீஷ்காரத் துரை வீட்டுல வேல செஞ்சவ, கண்டுபுடிச்ச. அதான் ஜட்ஜு இன்னிக்கு மறுபடி கேக்கறேன்னாரு. இல்லாங்காட்டி அவரு ஜெயில்லயே கெடக்க வேண்டியதுதான்."

"சரி, சொல்லிக் காட்டு."

"ஐ ஃபர்ம்லி சே!"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாக்கா."

"மெதுவா சொன்னா, நெனைக்கிறேன்னு ஆயிடும்டீ."

டிக்கெட் கொடுப்பவர் எத்தனை என்று கேட்டார்.

"விழுப்புரத்துக்குப் போக ரெண்டு," என்றாள் அக்கா. "திரும்பி வர மூணு."