பூட்டிய வீட்டிலிருந்து வந்த போன்

மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சிம்மக்கல்லில் பரவை பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் செல்போன் அடித்ததும் எட்டிப் பார்த்த அந்தம்மா பதறிப்போனார்.

“ஏங்க, நம்ம வீட்டு நம்பரு! பூட்டிட்டுத்தானே வந்தோம்?”

அவர் எடுத்துப் பேசினார். “எவனோ சிரிச்சுட்டு வச்சுட்டான்டி.”

“வீட்டுக்குள்ள யாருங்க?”

“உள்ள ஆளில்ல. நம்ம வீட்டு போனை வெளிய இருந்தும் பேசுறாப்ல இன்டர்நெட்டுல தொறந்து விட்டேன்ல? அதுல நொழைஞ்சு நம்ம நம்பர்லயே பேசுறான்.”

“பாஸ்வேர்டு போடலயா?”

“போட்டேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு.”

“வாசப் பூட்டை மட்டும் அம்புட்டு நேரம் தொங்கித் தொங்கி இழுத்துப் பாத்தீகளே!”

சொன்ன அந்தம்மாவுக்குச் சட்டென்று மகள் நினைவு வந்தது.

“மொதல்ல ஹாஸ்டல்ல இருக்க செல்விக்குப் போட்டுச் சொல்லுங்க. வீட்டு நம்பர்ல இருந்து எவனாச்சும், ‘அப்பாவுக்கு முடியல, கீழ கார் நிக்குது, ஏறி வா’ன்னா நம்பி ஏறிருவா.”

அவர் உடனே மகளுக்குப் போட்டார். அந்தப் பிள்ளை எடுத்துவிட வேண்டும் தாயே என்று குங்குமப் பொட்டலத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“லைன் பிஸின்னு வருது. யார்கூடவோ பேசிக்கிட்டு இருக்கா.”