நேரில் பார்த்தீர்களா

நாற்காலி கொடுத்தீர்கள், நல்லது ஐயா. ஆயுசு முழுக்க மற்றவனை உட்கார வைத்துவிட்டு, நின்றே முடி வெட்டியவன் நான். முழங்கால் இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். பொய் சொல்கிறவன் ‘வந்தான், எடுத்தான்’ என்பான். நான் ‘வந்தானாம், எடுத்தானாம்’ என்பேன். வாலில் ஒரு ‘ஆம்’ ஒட்டிவிட்டால் பேச்சு என்னுடையதில்லை, ஊருடையது. பெரிய படிப்புப் படித்தவனெல்லாம் கத்தரிக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டு, “அப்புறம்?” என்று என் வாயைத்தான் பார்ப்பான்.

பக்கத்துக் கடைக்குக் கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர் புதிதாகக் குடிவந்தார். தனி ஆள். சவரத்துக்கு உட்கார்ந்தால் சும்மா இருக்க மாட்டார்.

“வாத்தியார் சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாம்,” என்றேன்.

“நீங்க நேர்ல பாத்தீங்களாண்ணே?”

“பாக்கலை தம்பி. நாலு பேரு பேசிக்கிறாங்க.”

“அந்த நாலு பேர்ல நீங்க எத்தனையாவது ஆளுண்ணே?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கத்தி கையில் இருக்கும்போது கோபப்படக் கூடாது. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே எவனாவது, “நேர்ல பாத்தியா பெருசு?” என்பான். அப்புறம் கடையில் கத்தரிச் சத்தம் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் கிளப்பியதில்லை. கடிகாரக்காரரை அதில் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான். “எந்த ஊருன்னே தெரியாதாம். பையில மிட்டாய் வெச்சிருக்காராம்.” நேரில் பார்த்தாயா என்று ஒருவனும் கேட்கவில்லை. எனக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள். கடிகாரக்காரர் ஒரு பெண் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாசலைக் கடந்தார். குழந்தை அழுதது. “யாரு வீட்டுப் புள்ளையையோ கூட்டிக்கிட்டுப் போறாராம்,” என்றேன். கண்ணெதிரே நடப்பதற்கு எதற்கு ‘ஆம்’ என்று எவனுக்கும் தோன்றவில்லை. பாதிச் சவரத்தோடு எழுந்து ஓடினார்கள். கன்னத்தில் நுரை காய்வதற்குள் அவரை முடித்துவிட்டார்கள். நான் கடையை விட்டு இறங்கவில்லை. துண்டுகளை உதறி மடித்து வைத்தேன்.

சாகும்போது அவர் என் கடைப் பக்கம் கையைக் காட்டினார் என்கிறீர்கள். காட்டியிருப்பார். அவர் வாசலைக் கடப்பதற்குச் சற்று முன்னால் அழுக்குத் தண்ணீர் கொட்டப் பின்பக்கம் போனேன். அங்கே அந்தக் குழந்தை வழி தெரியாமல் நின்றது. அவரைக் கூப்பிட்டு, அதன் கையை அவர் கையில் பிடித்துக் கொடுத்து, “விசாரிச்சு வீட்ல கொண்டுபோய் விட்ருங்க தம்பி, புண்ணியமாப் போகும்,” என்று அனுப்பியது நான்தான். அனுப்பிவிட்டு முன்பக்கம் வந்து வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

யாராவது ஒருத்தன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் ஐயா.