ஆறு கைகளை எண்ணிய கண்கள்

இந்த அவையின் தலைவர், மீனவர் சங்கத்து அலெக்ஸாண்டர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, எண்ணூரிலிருந்தும் இராயபுரத்திலிருந்தும் வந்த பெரியோர்களே, மீன்கூடையைக் கவிழ்த்த கையோடு கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, திருவொற்றியூர்க் கரையின் மக்களே, வணக்கம்!

முப்பத்தோரு ஆண்டுகளாக நான் செய்தியாளன். பார்ப்பது என்றால் என்ன என்பதைப் போன மாதம் இதே மணலில்தான் அறிந்தேன்.

அன்று கோயில் மணி ஆறு அடித்தது. நம் தலைக்கு மேலே ஒரு ட்ரோன்! படகுகளின் மேல் நின்றது, துறைமுகப் பக்கம் திரும்பியது, பிறகு ஊருக்குள் இறங்கி மறைந்தது. ஒருவர் கல்லெடுத்தார். (சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் இருக்கிறார்!) அடிபட்ட ட்ரோன் யார் தலையில் விழும்? உங்கள் பிள்ளையின் தலையில்தானே?

அப்போது பேருந்து நிறுத்தத்தில் ட்ரோன் பெட்டியோடு நின்றான் பாரி. எம்.கே.பி. நகரில் சிறிய ஸ்டுடியோ வைத்திருப்பவன். ஞானஸ்நான விழாவைப் படமெடுக்க வந்தவன். பிடித்துவிட்டார்கள். "வேவு பாக்க வந்தியா?" என்று சட்டையைப் பற்றினார்கள். நானும், வெட்கத்தோடு சொல்கிறேன், "மர்ம ட்ரோன்: இளைஞர் சிக்கினார்" என்று கைப்பேசியில் தலைப்பைத் தட்டி முடித்திருந்தேன். அது அச்சேறியிருந்தால் அவனை எந்த வீட்டு விழாவுக்கு அழைப்பார்கள்?

அப்போது வந்தார், கரையில் குந்தி வலை முடிந்துகொண்டிருந்த, இன்று நாம் பாராட்டும் இருதயம்மாள்.

"டேய், புள்ள மேல கைய வெக்காதீங்க. மேல பறந்ததுக்கு ஆறு கை. இவன் பொட்டிய தொறந்து பாரு."

திறந்தார்கள். விசிறி மாட்டிய கைகள் நான்கே நான்கு! நான் கைப்பேசியில் அந்தத் தலைப்பை அழித்தேன்.

"இன்னாக்கா, அம்மாந் தூரத்துல எப்டி எண்ணுன?"

"வலைக்கண்ண எண்ணி முடிபோட்டு பொழைக்கிறவ நைனா நானு. ஆற எண்ண மாட்டேனா?"

ஆய்வாளர் வந்தார். பாரி தன் ட்ரோனின் பதிவெண்ணைக் காட்டினான். வண்டிக்கு நம்பர் போல ட்ரோனுக்கும் நம்பர் உண்டு, அறிவீர்களா? வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த வரைபடம் உண்டு, அறிவீர்களா? சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. நாம் நிற்கும் இந்த இடம் சிவப்பு. பாரி அதைப் பார்த்துவிட்டதால்தான் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அப்படியானால் பறந்தது யாருடையது? "எங்கேம்மா இறங்கியது?" என்றார் ஆய்வாளர்.

"நான் குந்தின எடத்துலேந்து பாத்தா, தண்ணி டேங்குக்கு நேர் பின்னால."

அந்நேரம் படகைக் கரையேற்றினார் அவர் கணவர் யேசுதாஸ். அவரும் கடலிலிருந்து பார்த்திருக்கிறார்! "கோயில் சிலுவையும் அந்த ஒசந்த பொகபோக்கியும் ஒண்ணா சேந்துச்சு பாரு, அந்த நேர்ல எறங்குச்சு" என்றார்.

கரையிலிருந்து ஒரு கோடு. கடலிலிருந்து ஒரு கோடு. ஆய்வாளர் தம் கைப்பேசி வரைபடத்தில் இரண்டையும் இழுத்தார். வெட்டிய இடத்தில் ஒரு கிடங்கு! போனார்கள். மொட்டை மாடியில் ஆறு கை ட்ரோன். கிடங்கை விளம்பரப் படமெடுக்க வந்தவர்கள். அனுமதியும் இல்லை, பதிவெண்ணும் இல்லை.

"எப்படியம்மா?" என்று கேட்டேன். இருதயம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடலுக்கடியில கீற பாறைய இப்டித்தான் சார் கண்டுபுடிக்கிறோம். மானத்துல தெரிஞ்சு நிக்கிறத கண்டுபுடிக்கிறது கஷ்டமா?"

என்ன கண்கள்! என்ன கணக்கு! அதே வானத்தை நானும் பார்த்தேன். யாராவது கேட்டிருந்தால், மேலே ஏதோ பறந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகவே, ட்ரோனைக் கண்டால் கல்லை எடுக்காதீர்கள். எத்தனை கை, எத்தனை மணி, எந்தத் திசை, எதற்கு நேரே என்று பாருங்கள், 112-ஐ அழையுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்காததைச் சொல்லாதீர்கள். பார்க்காததைச் சொன்ன என் தலைப்பு அச்சேறாததுதான் ஒரு பிள்ளையின் பிழைப்பைக் காப்பாற்றியது.

அதோ, பின்னால் திரும்பிப் பாருங்கள். இந்தப் பாராட்டு விழாவைப் படமெடுப்பவன் பாரிதான். ட்ரோன் பெட்டி மூடியிருக்கிறது. அவன் நாற்காலி மேல் ஏறி நிற்கிறான். யாராவது அந்த நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டையைப் பிடித்த கை அதற்கு உதவட்டும்!

இருதயம்மாளின் கண்களுக்கு என் கைகூப்பு. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.